நியங்கலா: மாத்தளைக் கொடியின் நஞ்சும் மருந்தும்

மாத்தளை நகரிலிருந்து நாலந்தா, நாவுல வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் மலைநாட்டின் ஈரம் படிப்படியாகக் குறைந்து வறள்நிலம் தொடங்குகிறது. வடகீழ்ப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்நிலத்துப் புதர்களிலும் வேலிகளிலும் தீநாக்குகள் மேல்நோக்கி விரிந்தாற்போன்ற மலர்களைக் காணலாம். சிங்கள மக்கள் இக்கொடியை நியங்கலா என்பர். நாம் கார்த்திகைப்பூ என்போம். பழந்தமிழர் போற்றிய காந்தள் இதுவே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொன்ன 99 மலர்களுள் முதலிடம் பெற்றதும் இதுதான்.

புலவர்கள் மலரைக் கண்டனர். வைத்தியர்கள் மண்ணுக்கடியில் இருந்த கிழங்கைக் கண்டனர். வளைந்து கலப்பைபோல் கிடப்பதால் அது கலப்பைக்கிழங்கு ஆயிற்று. லாங்கலி என்னும் வடமொழிப் பெயருக்கும் அதுவே பொருள். கர்ப்பபாதினி என்று மற்றொரு பெயரும் உண்டு. கருவைச் சிதைப்பது என்பது அதன் கருத்து. அந்தப் பெயருக்குள் எத்தனை பெண்களின் துயரம் அடங்கிக் கிடக்கிறதோ, எந்த ஏடும் அதை எழுதி வைக்கவில்லை.

ஆயுர்வேதம் இக்கிழங்கை ஏழு உபவிஷங்களுள் ஒன்றாக வைத்தது. நஞ்சென்று தள்ளிவிடவில்லை, நஞ்சென்று அறிந்தே கையாண்டது. கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து, கோமூத்திரத்தில் ஊறவைத்து, உலர்த்திச் சுத்தி செய்த பின்னரே மருந்துக்கு எடுத்தனர். மகப்பேறு தாமதித்தால் அரைத்து வயிற்றிலும் உள்ளங்காலிலும் பூசுவதுண்டு. தோல் நோய்க்கும் வீக்கத்துக்கும் மேற்பூச்சாவதும் உண்டு. கோமூத்திரம் என்றதும் நம்மிற் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் இக்கிழங்கின் கொடிய நஞ்சாகிய கொல்கிசின் நீரிற் கரையக்கூடியது. ஊறவைக்கும்போது அதில் ஒரு பகுதி வெளியேறும் என்பதை இன்றைய இரசாயனமும் மறுக்காது. எஞ்சுவதே ஆளைக் கொல்லப் போதும் என்பதும் உண்மை. ஆகவே இது கைப்பழக்கத்தாலும் ஆசிரியன் கண்காணிப்பாலும் மட்டுமே வரக்கூடிய அறிவு.

அந்த அறிவைத் தாங்கிநின்ற சமுதாயத்துக்கு நேர்ந்தது என்ன? 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840இன் முடிக்காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசுடைமை என்றது. கிராமத்தார் சேனை வெட்டிய காடு, வைத்தியர் மூலிகை பறித்த காடு, கோப்பித் தோட்டமாயிற்று. நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி வந்தபோது, 1848இல் மாத்தளை மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இராணுவச் சட்டம் அதை நசுக்கியது. வீர புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். பௌத்த மறைநூல்கள் முதன்முதல் எழுத்தில் ஏறிய இடமென்று போற்றப்படும் அலுவிகாரையின் ஏட்டுச் சுவடிகளும் அந்தக் கலவரத்தில் அழிந்தன. காடு போயினும் நியங்கலா போகவில்லை; அது வேலியிலும் வளரும் கொடி. அதைக் கையாளத் தெரிந்தவர் தொகையே சுருங்கியது என்று கருதுகிறோம்.

அதே கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து நம்மவர் வந்தனர். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தனர். வாந்திபேதியிலும் பசியிலும் வழியில் வீழ்ந்தோர் ஏராளம். 1973, 1974ஆம் ஆண்டுகளிலும் தோட்டங்களைப் பட்டினி வாட்டியது. இந்தக் கிழங்கோ பார்வைக்கு வற்றாளைக்கிழங்கைப் போன்றது. தவறுதலாக அவித்து உண்டு நஞ்சேறியவர்களை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். களஞ்சியம் நிறைந்தவன் காட்டுக்கிழங்கு தோண்டப் போவதில்லை.

கிழங்கிலே கொல்கிசின் இருப்பது 1915இல் வெளியாயிற்று. அது உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கிறது. அதனால் விரைந்து பெருகும் அணுக்களே முதலில் வீழ்கின்றன. வாந்தியும் பேதியும் கண்டு, பின் எலும்பு மச்சையின் இரத்த உற்பத்தி தளர்கிறது. பிழைத்தவர்க்கு மயிர் உதிர்கிறது. உடல் மயிர் முழுதும் உதிர்ந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி குணரத்ன என்ற மருத்துவர் 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். மாற்றுமருந்து எதுவும் இன்றளவும் மருத்துவமனைகளில் வழக்கில் இல்லை.

1968இல் நியங்கலாவின் நச்சுப் பொருட்களை ஆராய்ந்து இலங்கை மருத்துவ விஞ்ஞான இதழில் எழுதிய மூவருள் ஒருவர் பேராசிரியர் சேனக பிபிலே. பின்னாளில் மருந்துக் கம்பனிகளின் கொள்ளையை எதிர்த்து, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக, மருந்துகளை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப் பெயரால் மலிவாக வாங்கச் செய்தவர் இவரே. வேலிக்கொடியின் நஞ்சை ஆராய்ந்ததும் ஏழையின் மருந்து விலைக்காகப் போராடியதும் ஒரே மனிதரின் வேலை என்பதில் நமக்கு வியப்பில்லை. 1977இல் கயானாவில் அவர் காலமானார்.

அவர் அஞ்சிய கொள்ளை கொல்கிசினையும் விடவில்லை. ஊளைச்சதை போட்ட சீமான்களின் நோயென்று ஒருகாலத்தில் பேசப்பட்ட கீல்வாதத்துக்கு அது பழமையான மருந்து. 2009இல் அமெரிக்காவில் ஒரு கம்பனி அதற்குத் தனியுரிமை பெற்றதும், பத்துச் சதத்துக்கும் குறைவாக விற்ற மாத்திரை ஏறத்தாழ ஐந்து டொலராயிற்று. மாத்தளையில் வேலியோரத்தில் தானே முளைக்கும் இதே கொடியைத் தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகின்றனர். அங்கே காய் நன்கு பிடிக்க வேண்டும் என்பதற்காகக் கூலியாட்கள் விடியற்காலையில் பூப்பூவாகத் தொட்டு மகரந்தத்தைக் கையாலேயே சேர்க்கிறார்கள். விதையின் விலையைச் சொல்பவன் வியாபாரி.