உயர்சக்கர வண்டி: பின்னர் வந்த பெயர்கள்

ஜோகுபாளையத்துச் சைக்கிள் கடையொன்றில் சங்கிலி கழற்றப்பட்ட வண்டியைக் கண்டதும் தாமஸ் ஸ்டீவன்ஸ் நினைவுக்கு வந்தார். 1886இல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலையில் அவர் ஓட்டிச்சென்றது சங்கிலியே இல்லாத உயர்சக்கர வண்டி. மிதிகட்டை முன்சக்கர அச்சிலேயே பொருந்தியிருக்கும். ஒரு முழுச் சுற்று மிதித்தால் 50 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 4 மீட்டர் உருளும். வேகம் வேண்டுமெனில் சக்கரம் பெரிதாக வேண்டும். அதற்கு எல்லை ஓட்டுபவரின் கால் நீளம். (கல் இடறினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்!) 1885இல் ஸ்டார்லியின் ரோவர் வண்டி சங்கிலியைக் கொண்டு அவ்வெல்லையைக் கடந்தது. அவ்வகை 'பாதுகாப்பு வண்டி' எனப்பட்ட பிறகே பழையது 'சாதாரண வண்டி' ஆயிற்று. 'பென்னி-பார்திங்' என்னும் நாணயப் பெயர் அதற்கும் பிந்தியது. நம் 'மிதிவண்டி' என்னும் சொல்லோ, என் கருத்தில், சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் ஓயாத அவ்வண்டிக்கே மிகப் பொருந்தும்.