குவார்ட்டர்ஸும் ஊர்க்கிணறும்



போன வாரம் பெங்களூரிலிருந்து பழைய மாணவன் ஒருவன் பேசினான். "சார், ஓப்பன் ஆபீஸ் ஏன் இலவசமா கொடுக்கிறாங்கன்னு பத்தாம் வகுப்பில் கேட்டேன். 'எல்லாம் சேவை மனப்பான்மைதான்'னு சொன்னீங்க. இப்ப நானே அந்த மாதிரி வேலைதான் பார்க்கிறேன். கம்பெனி மாசாமாசம் சம்பளம் கொடுக்குது சார்" என்று சிரித்தான். வரலாற்று ஆசிரியர் தப்பாகச் சொன்னால் திருத்திச் சொல்ல வேண்டாமா? அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1985-இல் ஜெர்மனியில் மார்கோ போரிஸ் என்ற இளைஞர் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய ஸ்டார் ஆபீஸை, 1999-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, தனதாக்கிக்கொண்டது. 2000-இல் அதன் மூல நிரலை ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரில் உலகத்துக்குத் திறந்துவிட்டது. எதற்கு? மேசைக் கணினிகளில் மைக்ரோசாப்ட் ஆபீஸ்தான் ராஜா. அந்தப் பிடி தளர்ந்தால் போட்டியாளரான சன்னுக்கு லாபம். இது தருமம் இல்லை, வியாபாரக் கணக்கு.

அந்தக் கணக்கின் பலன் நம் மாநிலத்துக்கும் வந்தது. 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்த எல்காட், சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. விருத்தாசலம் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்குத் தேர்வுப் பணிக்குப் போனபோதுதான் நான் முதன்முதலில் அதைப் பார்த்தேன். அந்த சூசேயும் நோவெல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருந்த ஜெர்மன் சரக்குதான்.

தமிழ் எழுத்துக்கும் இதே கதைதான். 2004-இல் ரெட் ஹாட் நிறுவனம் இந்திய மொழிகளுக்கு 'லோஹித்' எழுத்துருக்களை வெளியிட்டது. தமிழும் அதில் உண்டு. லோஹித் என்றால் வடமொழியில் சிவப்பு. கம்பெனியின் பெயரிலேயே சிவப்புத் தொப்பி இருக்கிறதே! லினக்ஸை விற்க வந்தவர்களுக்கு, திரையில் நம் எழுத்து ஒழுங்காகத் தெரிந்தால்தானே இங்கே வியாபாரம் நடக்கும்?

சரி, கம்பெனிகள் சொந்த லாபத்துக்காகத்தான் கொடுத்தன. அந்த லாபம் தீர்ந்துபோனால்?

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனி கட்டிய ஊர் இது. குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் குடியிருந்தேன். வாசலில் வைத்த மாமரம் காய்த்தது. ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு இந்திரா நகருக்கு வந்துவிட்டேன். அதில் எனக்குக் குறையில்லை, ஒப்பந்தமே அதுதான். ஆனால் ஊர்க்கிணறு அப்படி இல்லை. வெட்டியவர் ஊரைவிட்டே போனாலும் தண்ணீர் ஊருக்குத்தான்.

2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. ஓப்பன் ஆபீஸ் என்ன ஆகுமோ என்று அஞ்சியவர்கள், அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று அதன் நிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபீஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். ஆரக்கிளால் தடுக்க முடியவில்லை. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருந்தது. மறு ஆண்டு ஆரக்கிளும் ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. 2019-இல் ரெட் ஹாட்டையும் ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. லோஹித் எழுத்துரு இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது.

இதன் மறுபக்கம் எனக்கு நடந்தது. நம் பள்ளி ஆண்டு மலர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் நானே தட்டச்சு செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? அது காசு கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் மென்பொருள். கணினியின் பின்னால் செருகும் பூட்டு ஒன்றும் கூடவே வரும். தயாரித்தவர்கள் கடையைக் கட்டினார்கள், பூட்டும் பழுதானது. இன்று அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகத்தான் வருகிறது. உங்கள் கவிதைகள், கட்டுரைகள், முதல் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதற்குள்ளேதான் கிடக்கின்றன. பணம் கொடுத்தது நான்தான். இருந்தும் அது குவார்ட்டர்ஸ்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கிணறு இருந்தால் போதாது, தூர்வார ஆள் வேண்டும். லினக்ஸ் கருவில் நடக்கும் வேலையில் முக்கால் பங்குக்கும் மேல் சம்பளக்காரர்கள் செய்வது. லிப்ரே ஆபீஸிலும் கொலாபரா போன்ற நிறுவனங்களின் பொறியாளர்கள் பங்கு பெரிது. ரெட் ஹாட் ஆட்களும் அதில் நிறைய உழைத்தார்கள். ஆனால் இனித் தன் பதிப்புகளில் லிப்ரே ஆபீஸைச் சேர்க்கப்போவதில்லை என்று 2023-இல் ரெட் ஹாட் அறிவித்துவிட்டது. நாளை யார் இறங்கித் தூர்வாருவது? "எல்லாம் சேவை" என்று நான் சொன்னது எவ்வளவு தப்போ, "எல்லாம் கம்பெனி தயவு" என்பதும் அவ்வளவு தப்பு. கம்பெனி ஆளும் பணமும் தரும். அது போன பிறகும் நம் கையில் மிஞ்சுவது உரிமத்தில் எழுதிய வரிகள்தான்.

ஆகவே மென்பொருள் துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, மாதம் ஒரு மணி நேரமாவது தமிழுக்கான திறமூல வேலை ஒன்றில் கைகொடுங்கள். மற்றவர்கள் பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பழைய ஆண்டு மலர் அச்சுப்பிரதி கிடைத்தால் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். லிப்ரே ஆபீஸில், யூனிகோடில், மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்கிறேன். இரண்டு மலர் முடித்துவிட்டேன். இன்னும் பத்து இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்