கூர்நோக்கு இல்லம்

‘கூர்நோக்கு’ என்பது கூர்ந்த, கூர்கின்ற, கூரும் நோக்கு என விரியும் வினைத்தொகை; ‘அன்புகூர்தல்’ என்பதிற்போல மிகுதிப் பொருளும் கூர்தலுக்கு உண்டாதலால், நடைமுறை எவ்வாறிருப்பினும், சொல்லளவில் காவலைவிடக் கரிசனமே இதில் மேலோங்குகிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குற்றஞ்சாட்டப்பட்ட 18 வயது நிரம்பாதோர் பிணையில் விடப்படாதபோது விசாரணைக் காலத்தில் தங்கவைக்கப்படும் இடம் இது. இதனை இன்றும் ‘சீர்திருத்தப் பள்ளி’ என்று எழுதுவது, விசாரணை முடியுமுன்பே குற்றத்தை உறுதிசெய்துவிடும் பிழையாகும். எடுத்துக்காட்டாக, தாமிரபரணிக் கரையிலுள்ள பாபநாசத்தைச் சேர்ந்த சிறுவன் ஒருவனுக்குரிய இல்லம் திருநெல்வேலியில் உள்ளது. அவ்வாற்றில் நீராடினால் பாவம் நசிக்கும் என்னும் நம்பிக்கையிலிருந்து வந்ததே பாபநாசம் என்னும் பெயர். பழையதைத் துடைக்கும் அந்நம்பிக்கையைப் போலவே, இச்சட்டத்தின் 24-ஆம் பிரிவும், கொடுங்குற்றத்துக்கான சில விலக்குகள் நீங்கலாக, மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் தண்டனை பற்றிய ஆவணங்களை அழிக்கவும், பழைய வழக்கு பின்னாளில் எத்தகுதிக்கும் தடையாகாதிருக்கவும் ஆணையிடுகிறது.