முத்துக்குளித்த கடற்கரை, மூழ்கக் கற்க எங்கே போகிறது?

படிப்பதற்காகக் காஞ்சிபுரம் வந்தவர்கள் ஏராளம். 4ஆம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற இளைஞர் தன் குரு வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்கு வேதம் படிக்க வந்தார் என்று கர்நாடகத்தின் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. வந்த இடத்தில் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு. படிப்பை விட்டுவிட்டுக் கோபத்தோடு போனவர், கடம்ப அரசையே உண்டாக்கிவிட்டார்! எந்த ஊருக்குப் போய், யாரிடம் கற்பது என்ற கேள்வி அவ்வளவு பழையது.

இன்று அதே கேள்வி கடலுக்கடியிலும் கேட்கிறது. ஸ்கூபா டைவிங் பயிற்றுநர் ஆக விரும்பும் தமிழ்நாட்டு இளைஞர் தாய்லாந்தின் கோ தாவோ தீவுக்குப் போகலாமா, மலேசியாவுக்கா, இலங்கைக்கா, மாலத்தீவுக்கா என்று யோசிக்கிறார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகத்துக்கே கடலில் மூழ்கிக் காட்டிய கரைகளுள் ஒன்று தமிழகத்தின் தென்கரை. அப்படியிருக்க, மூழ்கக் கற்பதற்கு வெளிநாடு போகும் நிலை எப்படி வந்தது?

மூச்சை அடக்கிய காலம்

மன்னார் வளைகுடாவின் முத்தைச் சங்க இலக்கியமும் பேசுகிறது, கிரேக்க ரோமானியக் குறிப்புகளும் பேசுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பவர்களைப் பெரிய மீன்கள் தாக்காமல் இருக்க மந்திரம் ஓதுபவர்களையும் பற்றி எழுதியிருக்கிறார். சுறாவைக் 'கட்டும்' இவர்களைக் கடல்கட்டி என்பார்கள். பின்னாளில் வந்த ஐரோப்பிய அரசுகள்கூட இவர்களுக்குப் பங்கு கொடுத்து வந்தன. கடல்கட்டி வராவிட்டால் யாரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பதே காரணம்.

முத்துக்குளிக்கும் முறை மிக எளிமையானது. கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து இறங்க வேண்டும். அடியில் சுமார் 1 நிமிடம் சிப்பிகளைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். ஆழம் பெரும்பாலும் 9 மீட்டர் முதல் 18 மீட்டர் வரை. பரதவர்களும் கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம்களும் இதைச் செய்தார்கள். பள்ளிக்கூடமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. தகப்பன் இறங்குவதைப் பார்த்து மகன் கற்றுக்கொண்டான். காஞ்சிபுரத்தில் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் நெசவு கற்றதைப் போலத்தான்.

இதன் உச்சம் 1905. அந்த ஆண்டு இலங்கையின் மன்னார்க் கடலில் 300க்கும் மேற்பட்ட படகுகளில் ஏறத்தாழ 5,000 பேர் முத்துக்குளித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழகக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும் இருந்தார்கள். எடுத்த சிப்பிகள் சுமார் 8 கோடி! அதில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மூன்றில் ஒரு பங்கு மூழ்கியவர்களுக்கு. அரசின் பங்கு ஏலத்தில் விற்கப்பட்டது. இந்த லாபத்தைப் பார்த்து 1906ல் ஒரு லண்டன் கம்பெனி 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. ஆனால் சிப்பிகள் அருகிப்போய், குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பெனி மூடப்பட்டது. இந்தியப் பக்கத்தில் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. அதோடு அந்தப் பள்ளிக்கூடமும் மூடியது என்று சொல்லலாம்.

காற்றை முதுகில் சுமந்த காலம்

இதற்கிடையில் 1943ல் பிரான்சில் கூஸ்தோ, கான்யான் என்ற இருவர் சேர்ந்து ஒரு கருவியை உருவாக்கினார்கள். முதுகில் உள்ள சிலிண்டரின் காற்றை, ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் மூச்சுக்குக் கொடுக்கும் கருவி அது. 1 நிமிடம் இருந்த இடத்தில் இனி அரை மணி நேரத்துக்கு மேலும் இருக்கலாம்.

தமிழ் பேசும் கரைகளுக்கு இது சீக்கிரமே வந்துவிட்டது. 1956ல் இலங்கையில் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில் மூழ்கி, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டார்கள். தூத்துக்குடிப் பக்கம் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஓர் இத்தாலிய நிபுணரை அனுப்பியது. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குப் படுகைகள் பற்றிய அவரது அறிக்கை 1960ல் வெளியானது. அதாவது, பரதவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த படுகைகளை ஆராய்ந்து சொல்ல ரோமிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது!

காஞ்சியின் பழைய துறைமுகத்துக்கும் இதில் இடம் உண்டு. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரத்தில், 2002 ஏப்ரலில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஓர் ஆங்கிலேய ஆய்வுச் சங்கமும் சேர்ந்து மூழ்கின. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், கற்கட்டுமானங்களின் எச்சங்கள் தென்பட்டன. கடலில் வேறு கோயில்களும் இருந்தன என்று உள்ளூர் மக்கள் காலம் காலமாகச் சொல்லி வந்ததை ஆராய்ச்சியாளர்கள் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

கருவி வந்தது, கல்வி வரவில்லை

இந்தக் கதையின் வலி இனிமேல்தான். முத்து போனாலும் சங்கு எடுக்கும் தொழில் தூத்துக்குடியில் தொடர்ந்தது. காலப்போக்கில் மூச்சை அடக்கி மூழ்கியவர்கள் படகில் கம்ப்ரஸரை வைத்து, அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். கருவி கிடைத்துவிட்டது, ஆனால் அதோடு வர வேண்டிய பாடம் வரவில்லை.

அது என்ன பாடம்? கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல அது குமிழ் குமிழாக வெளியேறும். மூட்டு வலி, பக்கவாதம், சில சமயம் மரணம். எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற அட்டவணையை ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1908லேயே வெளியிட்டுவிட்டார். ஒரே மூச்சில் இறங்கி ஏறிய தாத்தாவுக்கு அந்த அட்டவணை தேவைப்படவில்லை. குழாயைக் கவ்விய பேரனுக்கு அது உயிர். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

சொல்லிக் கொடுப்பதையே ஒரு தொழிலாக்கியவர்கள் வெளிநாட்டவர்கள். பிரிட்டனில் 1953ல் ஒரு சங்கம், அமெரிக்காவில் 1960ல் நாவி, 1966ல் பாடி என்று அமைப்புகள் வரிசையாகத் தோன்றின. பாடி அமைப்பை ஆரம்பித்த இருவரில் ஒருவர் டைவிங் கருவி விற்பனையாளர், மற்றவர் நீச்சல் ஆசிரியர். வியாபாரமும் கல்வியும் சேர்ந்த கூட்டு அது! பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, படிக்குப் படி அட்டை கொடுத்தார்கள். ஒரு நாட்டில் வாங்கிய அட்டை எல்லா நாட்டிலும் செல்லும். தகப்பனிடம் கற்ற வித்தை ஊர் எல்லையைத் தாண்டவில்லை, அட்டை மட்டும் கடல் தாண்டியது.

ஆக, எங்கே போவது?

பாடி முறையில் பயிற்றுநர் தேர்வு எழுத 100 முறையாவது மூழ்கியிருக்க வேண்டும். டைவர் ஆகி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். தேர்வை நடத்துபவர் பாடம் சொன்ன ஆசிரியர் அல்ல, அமைப்பு அனுப்பும் தேர்வாளர். எனவே எந்த நாட்டில் எழுதினாலும் அட்டையின் மதிப்பு ஒன்றுதான்.

வித்தியாசம் அந்த 100 முறையில்தான் இருக்கிறது. கோ தாவோவில் பள்ளிகள் அதிகம், போட்டியும் அதிகம். கற்க வருபவர்கள் குவிவதால் வகுப்பு எடுத்துப் பழக வாய்ப்பு உண்டு. இலங்கையில் பருவக்காற்று மாறும்போது இடம் மாறிக்கொள்ளலாம்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவ பக்கம், மே முதல் அக்டோபர் வரை திருகோணமலை. அங்கே தமிழும் பேசலாம். வெளிநாடே வேண்டாம் என்பவர்களுக்கு அந்தமான் இருக்கிறது. கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது பாதிக் கணக்குதான். எத்தனை விதமான கடலில், எத்தனை விதமான மாணவர்களோடு இறங்க முடியும் என்பது மீதிக் கணக்கு.

காஞ்சிபுரத்தில் யார் வேண்டுமானாலும் பணம் கொடுத்து ஒரு தறி வாங்கிவிடலாம். கோர்வை போடக் கற்றுக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது பட்டுப் புடவை ஆகும். அப்படி ஒருவர் இல்லாததற்குத் தூத்துக்குடிக் கடல் கொடுத்த விலை உயிர்கள். வெளிநாடு போய்ப் பயிற்றுநராகும் தமிழ் இளைஞர்களில் ஒருவராவது திரும்பி வந்து, அந்தச் சங்குப் படகில் ஏறி, ஹால்டேனின் அட்டவணையைத் தமிழில் சொல்லிக் கொடுத்தால், அவர் எந்த ஊரில் படித்தார் என்று யாரும் கேட்கப் போவதில்லை.