இந்தித் திரைப்படத்தில் நடனம்

இந்தித் திரைப்படம் பேசத் தொடங்கிய காலத்திலேயே பாட்டும் ஆட்டமும் அதனோடு சேர்ந்துகொண்டன. 1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியான முதல் பேசும்படம் ‘ஆலம் ஆரா’வில் ஏழு பாடல்கள் இருந்தன, பார்சி நாடக மேடையின் வழக்கம் அப்படியே திரைக்கு வந்தது. அன்றுமுதல் இன்றுவரை நடனம் குறைந்துவிடவில்லை. கதைக்குள் அது செய்துவந்த வேலைதான் மாறியது. இந்த மாற்றத்துக்கு ரசனைச் சீர்கேட்டைக் காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் நடனம் எந்த வழியாக ரசிகரை வந்தடைந்தது என்பதைக் கவனித்தால் வேறொரு காரணம் தெளிவாகும்.

நடனம் கதையைத் தாங்கி நின்ற காலத்தில் சென்னையின் பங்கு பெரிது. உதயசங்கரின் ‘கல்பனா’ (1948) ஜெமினி ஸ்டூடியோவில் உருவானது. அதே ஆண்டு எஸ்.எஸ். வாசன் தமிழிலும் இந்தியிலும் தந்த ‘சந்திரலேகா’வில், அரண்மனை முற்றத்தில் நிறுத்திய பெரும் முரசுகளின்மேல் பெண்கள் ஆடுகிறார்கள், ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்கிறார்கள். அங்கே ஆட்டமே போர்த்தந்திரம். ஏவி.எம்.மின் ‘பஹார்’ (1951) வழியாக இந்திக்குச் சென்ற வைஜயந்திமாலா, பரதம் பயின்ற நாயகிக்கு அங்கே ஓர் இடத்தை உண்டாக்கினார். செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான், ஆர்.கே. நாராயணின் நாவலைத் தழுவிய ‘கைட்’ (1965) படத்தில் தேவதாசி குலத்துப் பெண்ணான ரோசியாக நடித்தார். ஆடுவதைக் கணவன் விரும்பாத நிலையில், பாம்பாட்டிகளின் குடியிருப்பில் ரோசி தன்னை மறந்து ஆடிவிடுகிறாள். திருமணத்தில் அவள் இழந்தது என்ன என்பதை வசனம் எதுவுமின்றி அந்த ஆட்டம் சொல்லிவிடுகிறது.

1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இலங்கை வானொலி கொழும்பிலிருந்து ஒலிபரப்பிய ‘பினாகா கீத்மாலா’ அவற்றை இந்திய வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. வானொலியால் பாட்டைத்தான் தர முடிந்தது. ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் தியேட்டருக்குப் போய் முழுக் கதையோடும் பார்த்தாக வேண்டும். தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’ நிகழ்ச்சியும், 1990களில் பெருகிய செய்மதித் தொலைக்காட்சிகளும் இந்த நிலையை மாற்றின. நடனம் கதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு வரவேற்பறைக்கு வந்தது. படம் வெளிவருமுன்பே அதற்கு விளம்பரமாகவும் ஆனது. தனியே பார்க்கப்படும் ஆட்டம் தனியே நிற்கக்கூடியதாகவே அமைக்கப்படும். மணிரத்னத்தின் ‘தில் சே’ (1998) படத்தில் ஊட்டி மலை ரயிலின் கூரைமேல் நடக்கும் நடனத்தை ஃபாரா கான் அருமையாக அமைத்தார். ஆனால் அங்கே ஆடும் மலைக்கா அரோராவுக்குக் கதையில் வேறு இடம் கிடையாது.

அன்று சாஸ்திரியம் இருந்தது, இன்று ஆபாசம் மிஞ்சியது என்பார் உண்டு. ‘ஹவுரா பிரிட்ஜ்’ (1958) படத்திலேயே ஹெலன் கேளிக்கை விடுதியில் ஆடியதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ‘தேசாப்’ (1988) படத்தில் சரோஜ் கான் அமைத்த நடனமும் கவர்ச்சியானதுதான். ஆயினும் பணத்துக்காகத் தகப்பனால் மேடையேற்றப்படும் மோகினியின் நிலையை அது சொல்கிறது. அந்த நடனத்தையொட்டியே ஃபிலிம்ஃபேர் நடன அமைப்புக்கென ஒரு விருதை ஏற்படுத்தியது. ஆட்டம் மகிழ்வித்தால் போதாதா, கதையையும் சுமக்க வேண்டுமா என்று கேட்பதும் நியாயமே. மகிழ்ச்சியும் பொருளும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதற்கு ‘லக்ஷ்யா’ (2004) சான்று: குறிக்கோளற்ற இளைஞனின் தடுமாற்றத்தையே துள்ளலான அசைவுகளாக்கிய பிரபுதேவாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆகவே நடனத்தின் தகுதியை உடையையோ பாணியையோ கொண்டு எடைபோடுவது தவறு. அதை நீக்கினால் கதை குறைபடுமா என்பதே சரியான உரைகல். அதில் தேறும் நடனங்கள் எல்லாக் காலத்திலும் உண்டு, இன்று அவை அருகிவிட்டன.