மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமும் ஸ்ரீரங்கத்து எஸ். ரங்கராஜனும்

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், இந்தியத் தேர்தல்களில் ஓட்டுச்சீட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பதிலாக வந்த, பேட்டரியில் ஓடும் கருவி. நாளிதழ்களுக்கு இது ஈ.வி.எம்.; வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவர்களுக்கு ‘ஓட்டு மிஷின்’. 1977-இல் யோசனையாகத் தொடங்கி, 1982-இல் முதன்முறையாகத் தேர்தலில் பயன்பட்டு, 2004-இல் நாடு முழுவதற்கும் பொதுவானது. இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஸ்ரீரங்கத்தில் கேட்டால் ‘நம்ம சுஜாதா’ என்று யோசிக்காமல் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. ஒரே ஆளின் பெயரை எழுதி முடித்துவிடக்கூடிய கண்டுபிடிப்பு அல்ல இது.

ரங்கராஜன்

சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் 1935 மே 3 அன்று சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். உள்ளூர்ப் பள்ளிப் படிப்புக்குப் பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம், அதன்பின் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். அப்துல் கலாம் நடந்ததும் அதே வழிதான்: ஜோசப் கல்லூரி இயற்பியல், பிறகு எம்.ஐ.டி. என்ன, அவர் அங்கே விமானப் பொறியியல் பக்கம் திரும்பினார். சர் சி. வி. ராமன் பிறந்த திருவானைக்காவலையும் சேர்த்துக்கொண்டால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள அந்தத் தீவும் எதிர்க்கரைக் கல்லூரியும் இந்திய அறிவியலுக்குக் கொஞ்சம் தாராளமாகவே ஆட்களைக் கொடுத்திருக்கின்றன.

சிவில் விமானத் துறையில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலையில் சில ஆண்டுகள் இருந்த ரங்கராஜன், பிறகு பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். திருச்சிக்காரர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வர வாய்ப்புண்டு. அவர்கள் வாயில் ‘பெல்’ என்றால் திருவெறும்பூரில் கொதிகலன் செய்யும் பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ். ரங்கராஜன் வேலை பார்த்தது அது அல்ல. 1954-இல் தொடங்கி, ராணுவத்துக்கு ரேடார்களும் தொலைத்தொடர்புக் கருவிகளும் செய்துவந்த வேறொரு ‘பெல்’. வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் அங்கே மேற்பார்வையிட்டவர்களில் அவர் முக்கியமானவர். அதற்காக வாஸ்விக் விருதும் பெற்றார். அலுவலகத்தில் ரங்கராஜனாகவும், மனைவியின் பெயரில் எழுத்தாளராகவும் இரண்டு வாழ்க்கை நடத்தியவர். 2008 பிப்ரவரி 27 அன்று சென்னையில் காலமானார்.

இயந்திரத்துக்கு முன்

இந்தியத் தேர்தல் பற்றி எழுதுகிறவர்கள் உத்திரமேரூரில் தொடங்குவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய ஆவணம்தான். ஆனால் அது குலுக்கல், எண்ணிக்கை அல்ல. யாருக்கு எத்தனை ஓட்டு என்ற கேள்வியே குடத்துக்கு இல்லை. ஈ.வி.எம்.முக்கு அதை முன்னோடியாகக் காட்டுவது உறவு முறையை மிகவும் இழுப்பது.

குடியரசின் முதல் பொதுத்தேர்தலில் (1951-52) வேட்பாளருக்கு ஒரு பெட்டி. விரும்பிய சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். பின்னர் ஒரே சீட்டில் எல்லாப் பெயர்களையும் அச்சடித்து, முத்திரை குத்தும் முறை வந்தது. அதோடு வந்தவை செல்லாத ஓட்டுகள்: இரண்டு சின்னங்களுக்கு நடுவில் விழுந்த முத்திரை, மடிக்கும்போது எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்ட மை. எண்ணும் மேசையில் ஒவ்வொன்றுக்கும் வாக்குவாதம். எண்ணி முடிக்க விடிந்துவிடும், சில இடங்களில் மறுநாளும் ஆகும். வட மாநிலங்களில் இதற்கும் மேலே சாவடியைக் கைப்பற்றும் பழக்கம். ஆட்கள் புகுந்து, கட்டுக்கட்டாகச் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியை நிரப்பிவிட்டுப் போய்விடுவார்கள்.

யார் செய்தது?

1977-இல் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ். எல். ஷக்தர் மின்னணுக் கருவி பற்றிய பேச்சைத் தொடங்கினார். ஹைதராபாதில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனம் 1979-இல் ஒரு மாதிரியைச் செய்தது. 1980 ஆகஸ்ட் 6 அன்று அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகளுக்கு அது இயக்கிக் காட்டப்பட்டது. இதே 1980-இல் எம். பி. ஹனீபா என்பவர் மின்னணு முறையில் வாக்குகளை எண்ணும் இயந்திரம் ஒன்றுக்கு உரிமை கோரிப் பதிவு செய்தார். அக்டோபர் 15-ஆம் தேதி அரசிதழில் அது வெளியானது. தமிழ்நாட்டின் 6 நகரங்களில் அரசுப் பொருட்காட்சிகளில் அந்த இயந்திரம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பாடப்புத்தகத்தில் இடம் பெறாமல் போன பெயர்.

பெங்களூரு நிறுவனம் வேறு வாசல் வழியாக வந்தது. தன் தொழிற்சங்கத் தேர்தல்களை நடத்த அது ஏற்கெனவே ஒரு மைக்ரோகம்ப்யூட்டர் கருவியைச் செய்து பயன்படுத்தியிருந்தது. 1981 ஜனவரியில் அதைச் சொல்லித் தேர்தல் ஆணையத்தை அணுகியது. நாட்டின் ஆட்சியைத் தீர்மானிக்கும் கருவிக்குத் தொழிற்சாலைச் சங்கத் தேர்தல் ஒத்திகையாக இருந்திருக்கிறது. அதன்பின் இரண்டு பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்தே தயாரிப்பாளர்களாயின. வெளிக்கூட்டின் வடிவம் மும்பை ஐ.ஐ.டி. தொழில் வடிவமைப்பு மையத்தின் ஏ. ஜி. ராவ், ரவி பூவையா இருவருடையது.

ஆகவே ‘கண்டுபிடித்தவர்’ பட்டத்தைச் சுஜாதாவுக்கு மட்டும் சூட்டுவது மற்றவர்களுக்கு அநியாயம். ஒரு குழுவில் பொறுப்பான இடத்தில் இருந்து, பட்டறையில் உருவான பொருளை லட்சக்கணக்கில் செய்யத்தக்க பொருளாக்கிய பொறியாளர் என்பதே அவருக்குச் சரியான அளவு. அது சின்ன அளவும் அல்ல.

எப்படி இயங்குகிறது

இயந்திரம் இரண்டு துண்டு. வாக்காளர் முன்னால் இருப்பது வாக்குப்பதிவுக் கருவி. அதிகாரியின் மேசையில் இருப்பது கட்டுப்பாட்டுக் கருவி. இரண்டையும் 5 மீட்டர் கேபிள் இணைக்கிறது. அதிகாரி பொத்தானை அழுத்தினால்தான் ஓட்டுப் போடும் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். வாக்காளர் நீலப் பொத்தானை அழுத்தியதும் சின்னத்துக்கு அருகே சிவப்பு விளக்கு, நீண்ட ‘பீப்’. அடுத்த ஆளுக்கு அதிகாரி மறுபடி அனுமதிக்கும்வரை எத்தனை முறை அழுத்தினாலும் பலனில்லை.

புத்திசாலித்தனம் உள்ளே வைத்ததைக் காட்டிலும் வைக்காமல் விட்டதில்தான் அதிகம். இணைய இணைப்பு கிடையாது, கம்பியில்லாத் தொடர்பும் கிடையாது. கரண்ட் இல்லாத கிராமத்திலும் ஓட வேண்டும் என்பதால் மின்சார வயரே இல்லை. ஆரம்பகால இயந்திரங்களுக்கு 6 வோல்ட் பேட்டரி போதும். நிரல் சில்லில் ஒருமுறை எழுதப்படும், திருத்தி எழுத முடியாது. ஒரு நிமிடத்துக்கு 5 ஓட்டுக்கு மேல் விழாதபடி வேகத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். சாவடியைக் கைப்பற்றுகிறவனை உத்தேசித்துப் போட்ட கடிவாளம் அது. அரை மணி நேரம் உள்ளே இருந்தாலும் 150 ஓட்டுக்கு மேல் போட முடியாது, அதற்குள் அதிகாரி முடிப்புப் பொத்தானை அழுத்திவிட்டால் அதுவும் இல்லை. வேகமாக ஓடுவதே கருவிக்கு அழகு என்று எல்லோரும் நினைத்த காலத்தில், வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப்பட்ட கருவி.

ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்கள். பழைய இயந்திரத்தில் நான்கைக் கோத்தால் 64 பெயர்கள் வரை ஏற்றலாம். 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். ஓட்டுச்சீட்டே புத்தகமாகத் தைக்கப்பட்டது. அதற்கு எந்த இயந்திரமும் ஈடுகொடுத்திருக்காது. மூன்றாம் தலைமுறை இயந்திரத்தில் 24 கருவிகளைக் கோக்க முடிகிறது. 2019-இல் நிஜாமாபாதில் 185 வேட்பாளர்களுக்காக 12 கருவிகளை வரிசையாக வைத்தார்கள். திருச்சி மாவட்டத்தில் இருந்தாலும் மணப்பாறை கரூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. 2024-இல் அங்கே 54 வேட்பாளர்கள், நோட்டாவோடு சேர்த்து நான்கு கருவிகள்.

பரவூர் வழக்கு

முதல் சோதனை 1982 மே 19, கேரள சட்டமன்றத் தேர்தலில் பரவூர் தொகுதி. மொத்தம் 84 சாவடிகளில் 50-இல் இயந்திரம், மற்றவற்றில் சீட்டு. இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, இயந்திரமே கூடாது என்று தேர்தலுக்கு முன்பே உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியானது. எதிரே நின்றவர் காங்கிரஸின் ஏ. சி. ஜோஸ். அதற்குச் சற்று முன்புதான் கேரள சட்டமன்றத்தின் சபாநாயகராக இருந்து, தன் ஒற்றை ஓட்டால் கருணாகரன் அமைச்சரவையை மீண்டும் மீண்டும் காப்பாற்றிப் பெயர் வாங்கியவர். ஒரு ஓட்டின் அருமை அவருக்குத் தெரியாததல்ல.

எண்ணிப் பார்த்தால் இயந்திரத்தை எதிர்த்த சிவன் பிள்ளை 123 ஓட்டில் வெற்றி. இப்போது வழக்கு ஜோஸிடமிருந்து வந்தது. 1984 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இயந்திரத்தில் கோளாறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டம் சீட்டைத்தான் சொல்கிறது, சட்டத்தில் இல்லாத ஒன்றை ஆணையம் தன் அதிகாரத்தால் கொண்டுவர முடியாது என்றது. அந்த 50 சாவடிகளில் சீட்டு வைத்து மறுவாக்குப்பதிவு நடந்தது, ஜோஸ் ஜெயித்தார். கருவி ஒழுங்காக வேலை செய்தும் தோற்றது. கண்டுபிடிப்பாளர்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட தோல்வி அடிக்கடி கிடைக்காது.

பத்தாண்டுத் தூக்கம்

1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இயந்திரத்தை அனுமதிக்கும் 61ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 மார்ச் 15 முதல் அமலானது. இயந்திரங்களும் வாங்கப்பட்டன, ஒன்றின் விலை ஏறக்குறைய 5,500 ரூபாய். 1990-இல் எஸ். சம்பத் தலைமையில், பி. வி. இந்திரேசனும் இடம்பெற்ற நிபுணர் குழு, தாமதமின்றிப் பயன்படுத்தலாம் என்று ஒருமனதாகச் சொன்னது. இருந்தும் கட்சிகளுக்கிடையே ஒப்புதல் வராமல் கிடங்கில் கிடந்தன. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகிய மூன்றிலும் சேர்த்து 16 தொகுதிகளில்தான் வெளியே வந்தன.

தமிழ்நாட்டில் எல்லாத் தொகுதிகளுக்கும் வந்தது 2001 மே. அதற்கு முன் அ.தி.மு.க. சென்னை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்குப் போட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. வாக்குப்பதிவு நடந்தது, அ.தி.மு.க.வே ஆட்சியைப் பிடித்தது. பத்தாண்டு கழித்து 2011-இல் ஜெயலலிதா இதே இயந்திரத்தில் ஜெயித்து முதல்வரானார். தொகுதி ஸ்ரீரங்கம். பரவூரில் தொடங்கிய வழக்கம் இது: எதிர்ப்பவரை இந்த இயந்திரம் பெரும்பாலும் ஜெயிக்க வைத்துவிடுகிறது. ஜெயித்தவர் அதன்பின் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சந்தேகங்கள்

2004-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் மக்களவைத் தேர்தலை நடத்தின. 2010-இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்க்ரைப் ஆகியோர் உண்மையான இயந்திரம் ஒன்றைத் திறந்து ஆராய்ந்து, காட்சிப் பலகையை மாற்றியோ நினைவகத்தில் ஒரு சிறு கருவியைக் கவ்வவைத்தோ முடிவைத் திருத்தலாம் என்று செய்து காட்டினார்கள். இயந்திரத்தைக் கையில் எடுத்துத் திறக்க முடிந்தால் மட்டுமே அது சாத்தியம் என்பது ஆணையத்தின் பதில். இயந்திரம் எப்படிக் கிடைத்தது என்று சொல்ல மறுத்த ஹரி பிரசாத் அதே ஆண்டு ஆகஸ்டில் கைதானார். அந்தக் கைது ஆணையத்தின் வாதத்துக்கு வலுச் சேர்க்கவில்லை என்பது என் கருத்து.

பிறகு வந்ததுதான் ‘விவிபேட்’. ஓட்டுப் போட்டதும் சின்னம் அச்சான துண்டுச்சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 வினாடி தெரிந்து பெட்டிக்குள் விழும். 2013 செப்டம்பர் 4 அன்று நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதன்முதலாக வைத்தார்கள். 2019-இல் எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 சாவடிச் சீட்டுகளை எண்ணி ஒப்பிட வேண்டும் என்று அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. எந்தப் பொத்தான் எந்தக் கட்சிக்கு என்று இயந்திரத்துக்கே தெரியாது, பெயர் வரிசை தொகுதிக்குத் தொகுதி மாறும், ஆகவே முன்கூட்டியே ஏமாற்ற வழியில்லை. பழைய இயந்திரத்துக்கு இதுவே பெரிய பலம். விவிபேட்டுக்கோ சின்னங்களை முன்கூட்டியே ஏற்றியாக வேண்டும். நம்பிக்கைக்காகச் சேர்த்த பாகமே புதிய கேள்வியையும் கொண்டுவந்தது. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பழைய சீட்டு முறைக்குத் திரும்ப மறுத்தது. ஆனால் சின்னம் ஏற்றும் கருவிகளை முத்திரையிட்டு, முடிவு வந்தபின் 45 நாள் பாதுகாக்கச் சொன்னது.

ஊர் நினைவு

சுஜாதாவின் வாசகர்களுக்கு இயந்திரம் என்றதும் நினைவுக்கு வருவது ஓட்டுப் பெட்டி அல்ல, ஜீனோ என்ற ரோபோ நாய். ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ நாவலில் அது பேசும், புத்தகம் படிக்கும், தந்திரம் செய்யும். அந்தக் கதையின் எதிர்கால இந்தியாவை ஆளும் ஜீவா, கடைசியில் மனிதரே அல்ல, ஒளியால் செய்த பிம்பம் என்று தெரியவருகிறது. வேலை நேரத்தில் எண்ணுவதைத் தவிர வேறெதுவும் அறியாத ஒரு பெட்டியைச் செய்த குழுவில் இருந்தவர், வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியது இப்படி ஒரு கதை.

‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளின் தெருக்களில் தேர்தல் நாளில் இன்றும் வரிசை நிற்கிறது. வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன் ஏஜென்டுகள் கண்ணெதிரே குறைந்தது 50 மாதிரி ஓட்டுகளைப் போட்டுக் காட்டி, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, சீல் வைக்கிறார்கள். பிறகு முதல் ஆள் உள்ளே போகிறார். வெளியே நிற்பவர்களுக்கு அந்தப் ‘பீப்’ கேட்கிறது.