கடைக் கடன் வரவில்லையா? சிறு வணிகர்களுக்குச் சட்டம் தரும் வழிகள்

தோட்டத்துக் கடைகளில் '555' புத்தகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அரிசி, பருப்பு, பால்மாவு எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கணக்கு தீரும். கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் மளிகைக் கடை, தையல் கடை, மோட்டார் பட்டறை நடத்தும் நம்மவர் பலர் இன்றும் இப்படித்தான் கடன் கொடுக்கிறார்கள். வாங்கியவர் வீடு மாறிப்போனால் அல்லது இழுத்தடித்தால் என்ன செய்யலாம்?

முதலில் ஆதாரம்

வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே. எனவே ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் வாடிக்கையாளரின் கையொப்பம் வாங்குங்கள். "அடுத்த மாதம் தருகிறேன்" என்று வந்த வாட்ஸ்அப் தகவலை அழித்துவிடாதீர்கள்.

1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, பணம் தர வேண்டிய நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் அவர் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டாலோ, அந்த நாளிலிருந்து 6 ஆண்டு புதிதாகக் கணக்கிடப்படும்.

வழக்குக்கு முன், தொகையையும் 14 நாள் தவணையையும் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புவது நல்லது. பல கடன்கள் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடும்.

5,000 வெள்ளி வரை

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை. படிவம் 198ஐ நிரப்பிப் பதிவு செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். வழக்காளி தனிநபராக இருக்க வேண்டும். செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் இந்த வழியில் வழக்குப் போட முடியாது. விசாரணை நாளில் நீங்கள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம்.

7,000 வெள்ளி கடனை இரண்டு வழக்காகப் பிரிக்க முடியாது. 2,000 வெள்ளியை விட்டுக்கொடுத்தால் இந்த வழி திறக்கும்.

அதற்கு மேல்

100,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றமும், 10 லட்சம் வெள்ளி வரை செஷன்ஸ் நீதிமன்றமும் விசாரிக்கும். இங்கே வழக்கறிஞரை வைத்துக்கொள்வது நல்லது. பயனீட்டாளர் தீர்ப்பாயம் வாடிக்கையாளர் வணிகர்மீது புகார் செய்யும் இடம். கடைக்காரர் கடன் வசூலிக்க அங்கே போக முடியாது.

தீர்ப்பு கிடைத்த பின்

தீர்ப்பு வந்தால் மட்டும் பணம் கைக்கு வந்துவிடாது. பொருள்களைப் பறிமுதல் செய்து விற்கும் ஆணை, அவருடைய வங்கிக் கணக்கில் உள்ள பணத்தைப் பெறும் ஆணை, அவரை நீதிமன்றத்துக்கு அழைத்து வருமானத்தை விசாரித்துத் தவணை நிர்ணயிக்கும் அழைப்பாணை ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தனிநபரைத் திவாலாக்கக் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். எனவே 800 வெள்ளி கடனுக்குத் "திவாலாக்கிவிடுவேன்" என்பது வெறும் மிரட்டல்.

செய்யக் கூடாதவை

அடையாள அட்டையைப் பிடித்து வைப்பது குற்றம். ஏ.டி.எம். அட்டையை வாங்கி வைப்பதும் வம்பில் முடியும். படத்தை முகநூலில் போட்டு "ஏமாற்றுக்காரர்" என்றால் அவதூறு வழக்கு உங்கள்மீதே திரும்பலாம். மிரட்டுவதும் ஓயாமல் பின்தொடர்வதும் தண்டனைச் சட்டத்தின் கீழ் குற்றம். தோட்ட அலுவலகத்திடம் சொல்லிச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லவும் முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்களை மட்டுமே முதலாளி செய்யலாம்.

கடனாளியும் பெரும்பாலும் நம் அக்கம்பக்கத்தவர்தான். மாதம் 100 வெள்ளி என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டால், உறவும் கெடாது. பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்தத் தாளே உங்களுக்குச் சாட்சி.